அந்த மாயக்கதையை எழுதினது யாரு பாஸ்?

செமஸ்டர் லீவுல போரடிக்குதா? ஒரு குட்டி டெஸ்ட் வெச்சுக்கலாமா? பேனா, பேப்பர் வேணாம். மனசுக்குள்ளேயே பதில் சொல்லுங்க.

கேள்வி ஒண்ணு: ஹாரி பாட்டரை எழுதினது யாரு? ஜே.கே.ரௌலிங்னு எல்.கே.ஜி. வாண்டுகூட சொல்லிடும்.

கேள்வி ரெண்டு: தோள்ல பிணம், கையில வாள்... அம்புலிமாமாவுல விக்கிரமாதித்தன் படம் வரைஞ்சது யாரு? ஓவியர் சங்கர்னு கொஞ்சம் பேர் கரெக்ட்டா சொல்லிடுவீங்க. 2020-ல் மறைஞ்ச அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்களே, அவரேதான்.

கேள்வி மூணு: அதே அம்புலிமாமாவுல பாதாளக் கோட்டை, மந்திரவாதி, விசித்திர மிருகம்னு மாசா மாசம் நகம் கடிக்க வெச்ச தொடர்கதைகளை எழுதினது யாரு?

சத்தத்தையே காணோமே!

டென்ஷன் ஆகாதீங்க. இந்தக் கேள்விக்குப் பதில் கதைக்குள்ள எங்கேயும் கிடையாது. அதுதான் இந்தக் கட்டுரையே.

எங்க வீட்டுப் பரண்ல ஒரு பைண்டிங் இருக்கு. அப்பா காலத்துல மாத இதழ்கள்ல இருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரிச்சு, கோணி ஊசியால தெச்சு, காக்கி அட்டை போட்டது. அட்டைப்படம் இல்ல, முதல் சில பக்கங்களும் இல்ல. பத்து வயசுல அதை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே கிடையாது. ஜெயசீலன், சித்தசாதகன்னு ரெண்டு நண்பர்கள். அவங்க பின்னாடியே நானும் காடு மலையெல்லாம் சுத்தினேன். இப்போ இருபது வயசுல, இந்த லீவுல திரும்ப எடுத்தேன்.

நீங்களும் ட்ரை பண்ணிப் பாருங்க, செம காமெடியா இருக்கும். சின்ன வயசுல மிரட்டின மந்திரவாதி இப்போ கொஞ்சம் பாவமாத் தெரிவார். அப்போ வேகவேகமாப் புரட்டின பக்கங்கள்லதான் இப்போ நிக்கத் தோணும். நண்பர்கள் ரெண்டு பேரும் களைச்சுப்போய் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யறதுன்னு பேசுற இடமெல்லாம் அப்போ எனக்கு 'போர்'. இப்போ அதுதான் பிடிக்குது. ஹாஸ்டல் மொட்டைமாடியில ராத்திரி நாம பேசறதும் அதேதானே!

இன்னொண்ணும் கண்ணுல பட்டுது. படத்தோட மூலையில ஓவியர் பேர் குட்டியா இருக்கு. கதைக்கு..? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் புரட்டியாச்சு. இல்ல!

<b>54 வருஷம், பேர் இல்லாம!</b>

ஹீரோக்கள் பேரை வெச்சுத் தேடினப்போதான் விஷயம் தெரிஞ்சது. கதையோட தெலுங்கு மூலத்தின் பேர் 'மாயா சரோவரம்'. எழுதினவர் தாசரி சுப்ரமண்யம்.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1947 ஜூலையில சென்னையில நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்குல 'சந்தமாமா'வையும் தமிழ்ல 'அம்புலிமாமா'வையும் ஆரம்பிச்சாங்க. 1957-ல் 'மாயா பஜார்' படம் எடுத்த அதே ஜோடி! பிறகு இன்னும் பல மொழிகள்ல வந்துச்சு. 1952-ல் அந்த ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்த தாசரி, 2006 வரைக்கும் அங்கேதான் இருந்தார். 54 வருஷம்! 'யக்ஷ பர்வதம்', 'பாதாள துர்க்கம்'னு தொடருக்கு மேல தொடரா எழுதினார். எதுலயும் அவர் பேர் அச்சாகலை. ஆபீஸ்ல இருக்கறவங்க எழுதினா பேர் போடறதில்லைங்கறது அங்க இருந்த வழக்கம். தெலுங்குல பெரிய எழுத்தாளரான கொடவடிகண்டி குடும்பராவ்கூட அங்கே பேர் இல்லாம எழுதிக் குவிச்சவர்தான். அதைத் தமிழாக்கி நம்ம கையில கொடுத்தவங்களும் அப்படித்தான். தாசரி 2010-ல் காலமானார். அம்புலிமாமாவும் 2013-ஓட அச்சுல நின்னுபோச்சு.

'கதை நல்லாருந்தா போதாதா, பேர் எதுக்கு?'னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பத்து வயசுல எனக்கு அந்தப் பேர் தேவைப்படவே இல்ல. பாட்டி சொல்ற கதை மாதிரி, அது தானா வானத்துல இருந்து வந்துச்சுன்னு நினைச்சேன். அதுவும் ஒரு சுகம்தான். ஆனா இப்போ யோசிச்சுப் பாருங்க... சென்னையில ஒரு மேஜை, மாசத்துக்கு ஒரு கெடு, ஹீரோவை எந்த ஆபத்துல விட்டுட்டு 'தொடரும்' போடலாம்னு மண்டையை உடைச்சுக்கிற ஒரு மனுஷன். மாயாஜாலம் குறையுதா, கூடுதா? எனக்குக் கூடத்தான் செய்யுது.

<b>உப்பு போட்டவரை...</b>

எங்க ஊர் அனுமந்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில புதுச்சேரியில இருந்து மரக்காணம் போற வழி. பஸ் ஜன்னல் வழியா மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து 'வாவ், வியூ சூப்பர்'னு செல்ஃபி எடுத்திருப்பீங்க. கதைக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு பாஸ்.

உப்புத்தண்ணி பாத்தி பாத்தியா மாறி, வெயில்ல அடர்த்தி ஏறி, 25 டிகிரி பாமே வந்ததும் உப்பு படிய ஆரம்பிக்கும். கெமிஸ்ட்ரி அவ்வளவுதான். அதுக்கு மேல எல்லாம் மனுஷ உழைப்பு. கண் கூசுற வெயில் ஏர்றதுக்குள்ள பாத்தியில இறங்கி, பலகையால வாரி, கரையில குவிச்சு, தலையில சுமந்து... ஐப்பசி மழை வந்துட்டா அந்த வேலையும் கிடையாது. அப்புறம் அதே உப்பு பாக்கெட்ல கடைக்கு வருது. கம்பெனி பேர் இருக்கு, எடை இருக்கு, பேட்ச் நம்பர்கூட இருக்கு. வாரினவங்க பேர்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை'னு பெரியவங்க சொல்லி வெச்சாங்க. சாப்பாடு போட்டவரை நினைக்கச் சொன்னது அது. உப்பையே விளைவிச்சவரை யாருன்னு நினைக்கறது? பேரே தெரியாதே!

நம்ம நாட்டுல 1957 பதிப்புரிமைச் சட்டம் இருக்கு. அதோட 57-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, உரிமையை அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டாலும் 'இதைப் படைச்சது நான்'னு சொல்லிக்கிற உரிமை படைச்சவர்கிட்டயே இருக்கும். சூப்பர்தான். ஆனா உரிமை சட்டத்துல இருக்கறது வேற, பேர் பக்கத்துல அச்சாகறது வேற.

அப்போ தாசரி பேர் எப்படி வெளியில வந்துச்சு? சின்ன வயசுல அந்தக் கதைகளைப் படிச்சு வளர்ந்த தெலுங்கு வாசகர்கள், பெரியவங்களான பிறகும் விடாம அவரைப் பத்திப் பேசினாங்க, எழுதினாங்க. இப்போ அந்தத் தொடர்கள் தெலுங்குல அவர் பேரோடவே புத்தகமா வந்திருக்கு. திரும்பப் படிக்கறதுல இப்படியும் ஒரு லாபம் இருக்கு. முதல் தடவை கதைக்காகப் படிக்கிறோம். ரெண்டாவது தடவை, அதைக் கொடுத்தவருக்காகவும் படிக்கலாம்.

அதனால இந்த லீவுக்கு ரெண்டு ஹோம்வொர்க். ஒண்ணு, உங்க பழைய மாயக்கதைப் புத்தகத்தைத் தேடி எடுங்க. எழுதினவர், வரைஞ்சவர், மொழிபெயர்த்தவர்னு யார் பேரெல்லாம் அதுல விட்டுப்போயிருக்குன்னு கண்டுபிடிச்சு, முதல் பக்கத்துல பென்சிலால எழுதுங்க.

ரெண்டாவது கொஞ்சம் கஷ்டம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அட்டையில நாலு பேர் போடுவோம்ல? ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் முழிச்சு சர்க்யூட்டை ஓட வெச்சது யாருன்னு நாலு பேருக்கும் தெரியும். வைவாவுல எக்ஸ்டர்னல் கேக்கும்போது, அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லுங்க.