கடின நீரும் மென்னீர் மீன் வளர்ப்பும்

மென்னீர் மீன்கள் என்பவை கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகக் குறைவாக உள்ள நீரில் இயற்கையாக வாழும் மீன்களாகும். கார்டினல் டெட்ரா, நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியன இவற்றுள் சில. குழாய் நீர் கடின நீராக உள்ள இடங்களில் இவற்றை வளர்க்க, நீரின் உப்பு அளவைக் குறைக்க வேண்டியுள்ளது.

இயற்கை வாழிடம்

கார்டினல் டெட்ரா தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ, ஓரினோக்கோ ஆற்றுப் பகுதிகளில் வாழ்கிறது. ரியோ நீக்ரோ நீரில் சுண்ணச் சத்து மிகவும் குறைவு. மட்கிய இலைதழைகளிலிருந்து கரையும் கரிம அமிலங்களால் அந்நீர் தேநீர் நிறமும் அமிலத்தன்மையும் கொண்டது.

கடினத்தன்மையும் விளைவுகளும்

கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டு அளவாகக் கணக்கிடப்படுகிறது. லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது மிகக் கடின நீர் எனப்படும். மீன் வளர்ப்பில் ஜெர்மன் பாகை என்னும் அலகும் வழக்கில் உள்ளது. 1 பாகை என்பது ஏறத்தாழ 17.8 மில்லிகிராம்.

பண்ணைகளில் பிறந்த மீன்கள் பல, மிதமான கடின நீருக்குப் பழகிக்கொள்கின்றன. இனப்பெருக்கத்தில்தான் சிக்கல் மிகுதி. கடின நீரில் டெட்ராக்களின் முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை.

மென்மையாக்கும் முறைகள்

நம்பகமான முறை, ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரைக் குழாய் நீருடன் கலப்பதாகும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள குழாய் நீர் 1 பங்குடன் ஆர்.ஓ. நீர் 2 பங்கு சேர்த்தால், கடினத்தன்மை ஏறத்தாழ 100 மில்லிகிராமாகக் குறையும். ஆர்.ஓ. நீரை மட்டும் தனியே பயன்படுத்தினால், அமிலத்தன்மை திடீரென உயர்வதைத் தடுக்கும் கார்பனேட்டுகள் இல்லாமற்போகும்.

கொதிக்கவைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே நீங்கும். உப்பிட்டு இயங்கும் வீட்டு நீர் மென்மையாக்கிகள் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை நீரில் விடுவதால், கரைந்துள்ள உப்பின் மொத்த அளவு குறைவதில்லை. பாதாம் இலைகள் நீருக்கு நிறம் தருமேயன்றிக் கடினத்தன்மையை நீக்கா.

தவிர்க்க வேண்டியவை

கடின நீரில் அமிலம் ஊற்றி பி.எச். மதிப்பைக் குறைக்க முயல்வது ஆபத்தானது. நீரிலுள்ள கார்பனேட்டுகள் அமிலத்தை நடுநிலையாக்குவதால் அம்மதிப்பு மீண்டும் உயரும். மேலும் மேலும் அமிலம் சேர்க்கும்போது கார்பனேட்டுகள் தீர்ந்து, அது ஒரேயடியாகச் சரியும். சற்றே கடினமான, ஆனால் மாறாத நீரைவிட இந்த ஏற்ற இறக்கமே மீன்களுக்குக் கேடு. தொட்டியிலுள்ள சிப்பி ஓடுகள், பவளத் துண்டுகள், சுண்ணாம்புக் கற்கள் ஆகியவை கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும் என்பதால் அவற்றை அகற்ற வேண்டும்.

நீரின் தன்மையைச் சில வாரங்களில் படிப்படியாக மாற்றி, பின்னர் ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் அதே கலவை விகிதத்தைப் பின்பற்ற வேண்டும்.