ஷிப்ட் முடிந்து எழுத ஒரு நோட்டு

உட்காருங்கள் தம்பி, டீ சொல்லியாயிற்று. "எழுதணும்னு ஆசையா இருக்கு. ஆனா எழுதுற அளவுக்கு என் வாழ்க்கையில என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் பலருக்குள்ளும் இந்தக் கேள்வி இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் ஒரு பழைய ஆளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்று ஒரு வியாபாரி இருந்தார். பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷ், அதாவது இரு தரப்புக்கும் நடுவே மொழிபெயர்த்துப் பேசும் வேலை பார்த்தவர். கவர்னர் துய்ப்ளேவுக்கு மிக நெருக்கம். புலவர் இல்லை, கதாசிரியரும் இல்லை. 1736 செப்டம்பரில் அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதத் தொடங்கினார். 1761-இல் அவர் சாகும் காலம்வரை அது நடந்தது. என்ன எழுதினார் தெரியுமா? எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் யார்மேல் கோபப்பட்டார், கடைத்தெருவில் என்ன பேச்சு. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப்பட்டினத்தைப் பிடித்த சேதியும் அந்த வரிசையிலேயே வருகிறது. ஊரைப் புரட்டிப்போட்ட சம்பவமும் சரக்குக் கணக்கும் ஒரே கையெழுத்தில், ஒரே குரலில்.

அந்த ஏடுகள் 1846 வாக்கில்தான் வெளியார் கண்ணில் பட்டன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுத உட்காருகிறவர் பிள்ளையைத் தாண்டிப் போக முடியாது. அவருக்குப் பின் புதுச்சேரியில் காவல் உத்தியோகம் பார்த்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதியதும் அச்சில் கிடைக்கிறது. இருவருமே வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் பெரும்பகுதி பெண்பிள்ளைகள், வாழ்க்கையின் முதல் சம்பளத்தை அங்கே வாங்கினார்கள். எத்தனை போன் ஏற்றுமதி ஆனது, கம்பெனிமேல் வந்த வரி வழக்கு என்ன ஆனது என்பதெல்லாம் பத்திரிகைகளில் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினாள், கடைசி நாள் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், என்ன பேசினார்கள்? அதை அவளைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதே பக்கத்தில், வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் அரசின் சிப்காட் விடுதி திறந்தார்கள். 18,720 பெண்கள் தங்கலாம், 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர். இந்தக் கணக்கு அரசுத் தாளில் இருக்கிறது. அந்த ஆறு பேரில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் தூங்கும்போது மற்ற ஐந்து பேர் எப்படி நடமாடுகிறார்கள் என்பது அங்கே படுத்து எழுந்தவளுக்குத்தான் தெரியும். உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான் இருக்கிறது.

சரி, எப்படி ஆரம்பிப்பது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் போன் தொலையும், உடையும். மாதம் ஒருமுறை வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். மேலே தேதி, கீழே என்ன ஷிப்ட். பிறகு அன்று நடந்த ஒரே ஒரு விஷயம். "இன்று மிகவும் சோர்வாக இருந்தது" என்று எழுதினால் பத்து வருஷம் கழித்து உங்களுக்கே ஒன்றும் நினைவுக்கு வராது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பஸ் எங்கே நின்றுபோனது, மெஸ்ஸில் என்ன குழம்பு, ரூம் வாடகை எவ்வளவு ஏறியது என்று எழுதுங்கள். சோர்வு தானாக அதில் தெரியும். விலையைக் கட்டாயம் எழுதுங்கள். இன்று அற்பமாகத் தோன்றும் விலைதான் நாளைக்கு ஒரு காலத்தையே சொல்லும்.

நடை பற்றிக் கவலை வேண்டாம். பிள்ளை பேச்சுத்தமிழில், வெளிநாட்டுச் சொற்களையும் கலந்துதான் எழுதினார். ஆகவே லைன், டார்கெட், ஓ.டி., கான்ட்ராக்ட் என்று நீங்கள் பேசும் சொற்களையே எழுதுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சோ, ஒடிசாவிலிருந்து வந்த அறை நண்பனின் அரைகுறைத் தமிழோ, காதில் விழுந்தபடியே இருக்கட்டும்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் இந்தக் காலத்திலும் உண்டு. சீனாவில் ஃபான் யூசு என்ற பெண் பெய்ஜிங்கில் குழந்தை பார்க்கும் வேலை செய்தவர். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் வாழும் பீட்சுன் கிராமத்து இலக்கிய வகுப்புக்குப் போய் எழுதிப் பழகினார். 2017-இல் தன்னைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை நாடு முழுக்கப் படிக்கப்பட்டது. அங்கே ஒரு வகுப்பு இருந்தது. இங்கே நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை கூடி ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. நோட்டில் எழுதுவது வேறு, பிறருக்குக் காட்டுவது வேறு. வெளியே கொடுக்கும்போது லைனில் என்ன பாகம் ஓடுகிறது, எந்த மாடல் வரப்போகிறது என்பதை எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்து நினைவிருக்கட்டும். கூட வேலை செய்கிறவரின் பெயரையும் மாற்றுங்கள். அவர் கஷ்டத்தைச் சொல்வதானால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நைட் ஷிப்ட் வாரத்தில் எழுத வராது. விட்டுவிடுங்கள். பிள்ளையின் குறிப்பிலும் இடைவெளிகள் இருக்கின்றன. பகல் ஷிப்ட் திரும்பியதும் விட்ட நாட்களை நிரப்ப உட்காராதீர்கள், அன்றைய தேதியைப் போட்டு அன்றையதை எழுதுங்கள்.