'நோபடி' என்றொரு ஆள்!

எங்கள் ஊத்துக்கோட்டைப் பையன் ஒருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். ஒருநாள் ராத்திரி 9 மணிக்குப் போன். "அண்ணா, சர்வர்ல இருக்கிற என் டிராயிங்கை என்னாலயே சேவ் பண்ண முடியல. ஓனர் பேரு 'நோபடி'ன்னு காட்டுது. காலைல மெஷினுக்குப் போகணும்ணா!"

அன்று மதியம்தான் சர்வரில் லினக்ஸைப் புதிதாகப் போட்டு, ஆட்களைச் சேர்த்து, பழைய ஃபைல்களை அவரவர் பெயருக்கு மாற்றி வைத்திருக்கிறான். ஃபைல்களைப் பகிர்வது என்எஃப்எஸ் வழியாக. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டுவந்தது, இன்றும் ஓடுகிறது.

லினக்ஸுக்கு நம் பெயர் முக்கியமில்லை, எண்தான். பெரும்பாலும் முதல் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001. என்எஃப்எஸ் 3-ம் பதிப்பு எண்ணை மட்டுமே அனுப்பும். உங்கள் எண்ணும் சர்வரில் கணக்காளர் எண்ணும் ஒன்றாகிவிட்டால், சம்பளப் பட்டியல் உங்களுக்குத் திறக்கும்! 4-ம் பதிப்பில் பெயரையும் டொமைனையும் சேர்த்து அனுப்பலாம். இரு பக்கமும் டொமைன் ஒத்துப்போகாவிட்டால், உரிமையாளர் இடத்தில் 'நோபடி' உட்கார்ந்துகொள்வார்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்களுக்கு இது பழகிய தொல்லைதான். அந்தப் பக்கம் 'இண்டி பேரு' முழுசாக வரும். இந்தப் பக்கம் ஒற்றை இனிஷியல். ஆள் ஒன்று, அட்டைகள் இரண்டு விதம்.

"ஐடிமேப்டி கான்ஃப் ஃபைல்ல டொமைன் வரியைப் பாரு" என்றேன். சர்வரில் 'லோக்கல்டொமைன்' என்றிருந்தது. அவன் கம்ப்யூட்டரில் கம்பெனி பெயர். இரண்டையும் ஒன்றாக்கி, சர்வர் பக்கம் சேவையை ரீஸ்டார்ட் செய்து, அவன் பக்கம் 'என்எஃப்எஸ்ஐடிமேப் மைனஸ் சி' கொடுத்துப் பழைய நினைவை அழித்தான். நோபடி போய் அவன் பெயர் வந்தது.

சேவ் மட்டும் ஆகவில்லை!

பலரும் திணறுவது இங்கேதான். பெயர் மாற்றம் பெரும்பாலும் கண்ணுக்குக் காட்டத்தான். சாதாரண அமைப்பில், அனுமதி தருவதா வேண்டாமா என்று சர்வர் பார்ப்பது எண்ணைத்தான். 'ஐடி' என்று தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரில் 1000, சர்வரில் 1002. மதியம் அவசரத்தில் ஆட்களை வேறு வரிசையில் சேர்த்திருக்கிறான்.

"எல்லாத்துக்கும் 777 போட்டுடவாண்ணா?" என்றான். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது. வேண்டாம் என்றேன். அவன் கணக்கிலிருந்து வெளியேறி, ரூட்டாக உள்ளே வந்து, 'யூசர்மாட் மைனஸ் யூ' கட்டளையால் தன் எண்ணை 1002 ஆக்கினான். ஹோம் ஃபோல்டர் தானாகவே புது எண்ணுக்கு மாறிவிடும். வெளியே இருக்கிற ஃபைல்களைத்தான் கையால் மாற்ற வேண்டும். நூறு கம்ப்யூட்டர் உள்ள இடமென்றால் எல்டாப் போல ஒரே பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்வார்கள். இங்கே இருப்பது ஆறு.

பத்தேமுக்காலுக்கு டிராயிங் சேவ் ஆனது. கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த ஐந்து கம்ப்யூட்டர்களின் எண்களையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தவன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டான்.

"அண்ணா... ஸ்டோர் கம்ப்யூட்டர்ல 1002 வாட்ச்மேன்!"