நாய்களிற் குடலிறக்கமும் இனவிருத்தியும்

காவலுக்கென வளர்க்கப்படும் நாய்களின் குட்டிகள் சிலவற்றின் கொப்பூழில் மெத்தென்ற வீக்கம் காணப்படுவதுண்டு. சில சுண்டங்காயளவின, சில தேசிக்காயளவின. அமுக்கினால் உள்ளே போய், குட்டி குரைக்கும்போதும் முக்கும்போதும் மீண்டும் வெளிவரும். இதுவே கொப்பூழ்க் குடலிறக்கமாகும். கொப்பூழ்க்கொடி சென்ற துவாரம் மூடாதொழிந்தால், வயிற்றினுள்ளிருக்கும் கொழுப்புச் சவ்வோ குடலின் ஒரு மடிப்போ அதனூடாகத் தோலின் கீழ் இறங்குகின்றது.

சிறு துவாரங்கள் 6 மாத வயதுக்குள் தாமாக மூடிக்கொள்வதுண்டு. விரல் நுழையுமளவினவற்றை மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். காசு வைத்துக் கட்டுதலாற் பயனில்லை. தோல் புண்படுவதே மிச்சம். வீக்கம் உள்ளே போகாது இறுகி, நொந்து, நாய் வாந்தியெடுத்து உணவை வெறுக்குமாயின், குடல் நெரிபட்டதெனக் கொள்ளல் வேண்டும். அந்நிலையில் மறுநாள்வரை காத்திருத்தல் நாயை இழப்பதற்கே வழியாகும். கவட்டில் உண்டாகும் குடலிறக்கம் பெட்டைகளுக்குப் பெருங்கேடு. சினைக் காலத்திற் கருப்பையே அதனுள் இறங்கிச் சிக்கிக்கொள்ளுதலும் உண்டு.

தாய் கொடியைக் கடித்திழுத்ததால் வந்த வீக்கமென்று குட்டி விற்போர் கூறுவர். சிற்சில வேளைகளில் அவ்வாறு நேரலாம். எனினும் இது பெரும்பாலும் பரம்பரைக் குறையென்றே கருதப்படுகின்றது. பீக்கினீஸ், ஏர்டேல் முதலிய சாதிகளில் இது மிகுதியாகத் தோன்றுதலும் அக்கருத்துக்கு இயைந்ததே. பல பரம்பரையலகுகள் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றனவென எண்ணப்படுவதால், வீக்கமற்ற தாய் தந்தையருக்கும் குறையுள்ள குட்டிகள் பிறத்தல் கூடும்.

சத்திரசிகிச்சையால் நாயின் வயிறு தைக்கப்படுகின்றதேயன்றி அதன் பரம்பரை மாறுவதில்லை. தழும்பு மயிரில் மறைந்தபின் அந்நாயை இனவிருத்திக்கு விடுதலே பலர் செய்யும் பிழை. பெட்டை ஆண்டுக்கு ஓரிரு முறையே ஈனும். கடுவனோ அயலிலுள்ள பெட்டைகள் பலவற்றின் ஈற்றிலும் தன் குறையைப் பரப்பவல்லது. ஆதலால் குடலிறக்கத்தைத் தைக்கும்போதே மலடாக்கும் சிகிச்சையையும் செய்வித்தல் தக்கது. செலவும் மயக்க மருந்தும் ஒருமுறையோடு அமையும்.

ஓரீற்றில் இரண்டு மூன்று குட்டிகளுக்கு இக்குறை காணப்படின், அதே சோடியை மீண்டும் சேர்த்தலாகாது. அக்குட்டிகளைப் பிறருக்குக் கொடுப்போர் குறையை மறையாது சொல்லிக் கொடுத்தல் வேண்டும். வாங்குவோரும் குட்டியை முதலில் நிற்கவைத்தும் பின்னர் மல்லாத்தியும் கொப்பூழையும் இரு கவட்டையும் விரலால் தடவிப் பார்த்து, இயலுமாயின் தாயையும் பார்த்த பின்னரே விலை பேசுதல் நன்று.