மெல்லிய தகடும் ஆறு டன் விசையும்

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் அளவிற்கு உயர்கிறது. ஊர்தியில் அமர்ந்திருப்போர்க்கு இவ்வேற்றம் பெரிதாகப் புலப்படுவதில்லை, இயந்திரத்திற்குப் புலப்படும். ஏற்றம் முடிந்தபின் மாநில எல்லையை ஒட்டிய ஜூஜூவாடி, அத்திப்பள்ளிப் பகுதிகளில் நெரிசல் இருந்தால், ஊர்தியின் வேகத்தால் கிடைத்த எதிர்காற்றும் இல்லாமற்போகிறது. குளிர்நீர் குறைந்த பழைய டீசல் மகிழுந்தின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு இதனினும் ஏற்ற சூழல் வேண்டியதில்லை. "இன்னும் சிறிது தூரம்தானே" என்று நிறுத்தாமல் ஓட்டிச் செல்லும்போது கெடுவது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுடைய ஓர் அடைப்புத் தகடாகும். பட்டறை வழக்கில் அதனை ஹெட் கேஸ்கட் என்பர்.

இயந்திரம் இரு பெரும் பகுதிகளாக அமைந்தது. பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்கும் சிலிண்டர்களைக் கொண்டது அடிப்பகுதி. வால்வுகளைத் தாங்கி அதன்மேல் மூடிபோல் அமர்வது தலைப்பகுதி. இவ்விரண்டிற்கும் இடையே அமையும் தகடு, எரியும் வாயு, எண்ணெய், குளிர்நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காக்க வேண்டும். மூன்றின் வழிகளும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே செல்கின்றன.

ருடால்ஃப் டீசல் 1897இல் செருமனியின் ஆக்சுபர்க்கு நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. காற்றை வன்மையாக அழுத்தினால் அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். அதில் தெளிக்கப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்ளும். எனவே டீசல் இயந்திரத்தில் அழுத்தமே உயிர். இக்காலச் சிறு மகிழுந்தின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர் என்றும், எரிதலின் உச்ச அழுத்தம் 150 வளிமண்டலம் என்றும் கொண்டால், தலைப்பகுதியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ ஆறு டன் எடைக்கு நிகராகிறது. நிமிடத்திற்கு 2000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இத்தள்ளல் நிமிடத்திற்கு 1000 முறை நிகழ்கிறது.

இதனோடு வெப்பவிரிவும் சேர்கிறது. பல மகிழுந்துகளில் தலைப்பகுதி அலுமினியத்தாலும் அடிப்பகுதி வார்ப்பிரும்பாலும் ஆனவை. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள பகுதி 70 பாகை சூடேறினால், ஒன்று 0.6 மில்லிமீட்டரும் மற்றொன்று 0.3 மில்லிமீட்டரும் நீளும். வரம்பு மீறிச் சூடேறும்போது தலைப்பகுதி வளைந்துவிடக்கூடும். தகட்டின் பிடி தளர்ந்து வாயு வழி தேடிக்கொள்ளும்.

தகடு பழுதானதைச் சில குறிகள் காட்டும். வெளியே கசிவு தெரியாமலே குளிர்நீர் குறையும்; இயந்திரம் சூடேறிய பின்னரும் புகைக்குழாயில் வெண்புகை தொடரும்; ரேடியேட்டர் குழாய் இயக்கிய சிறிது நேரத்திலேயே கல்லாய் இறுகும். எண்ணெய் பாலேடுபோல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என்று கொள்ளலாம். எனினும் ஒரு குறியை மட்டும் நம்பித் தலையைக் கழற்றுவது அவசரச் செயல்.

இப்பணியை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்வோர் உண்டு. அசோக் லேலண்டு நிறுவனம் 1980இல் ஓசூரில் ஆலை தொடங்கியது முதல் ஊர்தித் தொழில் வளர்ந்துள்ள இவ்வட்டாரத்தில், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கழற்றுவது இப்பணியின் எளிய பாதி. இயந்திரம் முற்றிலும் ஆறிய பின்னரே போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுநோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டில் கழற்றினால் தலை வளையும். டைமிங் பெல்ட் அல்லது சங்கிலியின் குறிகளைப் பொருத்தி வைக்காவிடில், பின்னர் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உயரழுத்த எரிபொருள் குழாய்களை இயந்திரம் ஓடும்போது தொடவே கூடாது. அதிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். வடித்த குளிர்நீரும் நச்சுத்தன்மை உடையது. சாக்கடையில் ஊற்றத் தக்கதன்று.

தலையைக் கழற்றியபின் தொடங்குவது அளவீடு. நேர்விளிம்புச் சட்டத்தைத் தலையின் அடிப்பரப்பில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அதன்கீழ் ஃபில்லர் கேஜின் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரையிலான வளைவே ஏற்கப்படும். இதற்குமேல் வளைந்த தலையைப் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்ய வேண்டும். உப்புத்தாளை உளியில் சுற்றித் தேய்ப்பது இதற்கு மாற்றாகாது. சில டீசல் இயந்திரங்களின் தலையைச் சீவவே தயாரிப்பாளர் இசைவதில்லை. விரிசல் உண்டா என்பதைக் காட்டும் அழுத்தச் சோதனையும் வீட்டில் செய்யக்கூடியதன்று.

பலர் அறியாத மற்றொன்று, டீசல் இயந்திரத் தகடு பெரும்பாலும் ஒரே தடிமனில் வருவதில்லை என்பது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அடிப்பகுதியின் மேற்பரப்பைவிட எவ்வளவு நீட்டி நிற்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ற தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகட்டின் ஓரத்திலுள்ள வெட்டுகளோ துளைகளோ அதன் தடிமனைக் குறிக்கும். தடிமன் மிகுந்தால் அழுத்தம் குறைந்து குளிர்காலை நேரத்தில் இயந்திரம் இயங்க மறுக்கும். குறைந்தால் பிஸ்டன் தலையை முட்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே பொருத்துவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பொருத்துமுன் போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்காமல் துடைத்தெடுக்க வேண்டும். தேங்கியிருப்பின், முறுக்கும்போது திரவம் சுருங்காமையால் அடிப்பகுதியே வெடிப்புறலாம். பல இயந்திரங்களில் போல்ட்டுகள் முறுக்கும்போது நீண்டு பிடிக்கும் வகையின. அவற்றை மீண்டும் பயன்படுத்தலாகாது. முறுக்குவிசைத் திறவுகோலால் நடுவிலிருந்து ஓரம்நோக்கிப் படிப்படியாக இறுக்கி, முடிவில் குறித்த பாகை அளவு திருப்ப வேண்டும். இவ்வளவுகள் இயந்திரத்திற்கு இயந்திரம் மாறும். தயாரிப்பாளர் கையேடே இங்கு வழிகாட்டி.

தகடு ஏன் எரிந்தது என்ற வினாவிற்கு விடை காணாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் சில மாதங்களில் எரியும். ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை ஊற்றியதால் ரேடியேட்டரில் படிந்த உப்பு, திறவாத தெர்மோஸ்டாட், சுழலாத விசிறி, பிடிப்பிழந்த மூடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மூடி சிறு பொருளாயினும் அதன் பணி பெரிது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் திறந்த கலத்து நீர் 97 பாகையிலேயே கொதிக்கும். மூடி தாங்கும் அழுத்தம் இக்கொதிநிலையை மேலும் 20 பாகை அளவிற்கு உயர்த்துகிறது.

வேலை முடிந்ததும் காற்றுக்குமிழ்களை வெளியேற்றிக் குளிர்நீரை நிரப்பி, முதலில் சமவெளியில் ஓட்டிப் பார்ப்பர். பின்னரே கிருஷ்ணகிரியிலிருந்து ஏற்றம். மறுநாள் காலை, இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையில், கலத்திலுள்ள நீர்மட்டம் முதல்நாள் இட்ட குறியிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.