பழைய வண்டிக்குப் புதுச் சாவி

நம் வணிகர்களில் பலர் இன்றும் பழைய வண்டியை நம்பித்தான் தொழில் நடத்துகிறார்கள். அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்று போயின. ஆம்னி 2019 வரை வந்தது. நின்றுபோன வண்டி என்று யார் சொன்னாலும், மளிகைக் கடை வாசலில் பருப்பு மூட்டை இறக்குவது பல ஊர்களில் இன்னும் ஆம்னிதான். அந்த வண்டிக்கு ஆயில் மாற்றுகிறோம், டயர் மாற்றுகிறோம், எஃப்.சி. தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறோம். சாவியை மட்டும் அது முறியும் நாள் வரை யாரும் நினைப்பதில்லை.

முறிகிற நாள் நம் வசதி பார்த்து வருவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கோயம்பேட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி முடித்த பிறகுதான் சாவி சுற்ற மறுக்கும். சரக்கு அங்கே, வாடிக்கையாளர் இங்கே. வெயில் ஏற ஏறத் தக்காளியின் விலை நம் கண்ணெதிரே இறங்கும். வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறதே என்று ஆள் அனுப்பினால், அதுவும் சுற்றாது. ஏன் சுற்றாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறோம்.

கிடங்குக் கதவில் நாம் தொங்கவிடும் திண்டுக்கல் பூட்டு நெம்புகோல் வகை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பூட்டு அது. கார் பூட்டின் அமைப்பு வேறு. அதன் நடுவே ஓர் உருளை. உருளைக்குள் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு சிறு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே துருத்திக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டி நிற்கும், உருளை சுற்றாது. சரியான சாவி நுழைந்ததும் எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு வந்துவிடும், பூட்டு திறக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த அளவு வெட்டுக்கும் ஆழத்தில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்.

அந்த அரை மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. டெலிவரிக்குப் போகும் வண்டியில் சாவி நாளொன்றுக்கு முப்பது, நாற்பது முறை உள்ளே போய் வரும். பத்து, இருபது வருடத்தில் அதன் மேடுகள் தேய்ந்து மழுங்கும். ஆனாலும் சாவி வேலை செய்யும். சற்றே தூக்கிப் பிடித்து, கொஞ்சம் ஆட்டி, பாதி வெளியே இழுத்துத் திருப்பினால் ஓடும். இந்த வித்தை டிரைவருக்கு மட்டுமே தெரியும், அவர் லீவு போட்டால் வண்டியும் லீவுதான். இந்த நிலையில் நாம் செய்வது என்ன? அந்தத் தேய்ந்த சாவியையே கொண்டுபோய் மெஷினில் நகல் எடுக்கிறோம். மெஷின் பாவம், கொடுத்ததைத்தான் வெட்டும். ஒரு பக்கம் பழைய சாவியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போகும் முனை, மறு பக்கம் புதுச் சாவியை வெட்டும் சக்கரம். தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். சாவியைப் பிடித்து வைத்ததில் இம்மியளவு பிசகு இருந்தால் அதுவும் கூடும். அந்த நகலிலிருந்து அடுத்த நகல், அதிலிருந்து இன்னொன்று. கடையில் மூன்று சாவி இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். உண்மையில் இருப்பது ஒரே நோயாளியின் மூன்று படங்கள்.

கை தேர்ந்த சாவித் தொழிலாளி வேறு வழியில் போவார். முதலில் அவர் கேட்பது நம்பர். கம்பெனி கொடுத்த முதல் சாவியிலோ, அதனுடன் வந்த சிறு தகட்டிலோ, சில வண்டிகளில் பூட்டின் உடம்பிலோ ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்து எந்த இடத்தில் எவ்வளவு வெட்டு என்று பட்டியலில் பார்த்துவிடலாம். புதுச் சாவி தேயாத அளவில் பிறக்கும். நம்பர் தெரிந்தவர் இன்றே அதை ஆர்.சி. புத்தகம் இருக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். நம்பர்த் தகட்டைச் சாவிக்கொத்திலேயே தொங்கவிடுவது, பீரோ சாவியைப் பீரோவிலேயே விட்டுப் போவதற்குச் சமம்.

நம்பர் இல்லையென்றால் பூட்டைத்தான் கேட்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிரைவர் பக்கக் கதவின் பூட்டு தேய்ந்திருக்கும்; இடப் பக்கக் கதவின் பூட்டை யாரும் அதிகம் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பூட்டைக் கழற்றித் தகடுகளின் அளவைப் பார்த்தால் சாவியின் முதல் வடிவம் கிடைத்துவிடும். சில வண்டிகளில் கதவுப் பூட்டைவிட இக்னிஷனில் தகடுகள் கூடுதலாக இருக்கும். மிச்சமுள்ள ஓரிரு வெட்டுகளை அங்கே சோதித்துப் பார்த்து முடிப்பார்கள். முன்னொரு நாளில் கதவுப் பூட்டை மட்டும் மாற்றியிருந்தால் இந்த வழி பயன்படாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கழற்றவே முடியாத இடத்தில் அரம்தான் துணை. பல் வெட்டாத மொட்டைச் சாவியைப் பளபளவென்று தேய்த்து உள்ளே விட்டு, மெல்ல முறுக்கி வெளியே எடுப்பார். எந்தத் தகடு இறுகி நிற்கிறதோ அது சாவியின் விளிம்பில் ஊசி முனையளவு தடம் பதித்திருக்கும். அந்த இடத்தில் அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி தடம். மட்டத்துக்கு வந்த தகடு தடம் பதிப்பதை நிறுத்திவிடும். கடைசித் தகடும் ஓய்ந்ததும் உருளை சுற்றும். ஓர் இழுப்பு அதிகமானால் அந்தச் சாவி வீண், புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ‘கொஞ்ச நேரம் அரத்தைத் தேய்த்ததற்கா இவ்வளவு கூலி’ என்று பேரம் பேசும் நம்மவர்கள், பக்கத்தில் நின்று ஒரு முறை பார்த்தால் பேச மாட்டார்கள். அவரும் நம்மைப் போலச் சிறு வியாபாரிதானே.

அவர் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொன்னால் கோபப்பட வேண்டாம். கேட்காதவரிடம்தான் நாம் பயப்பட வேண்டும். நம் வண்டிக்குக் கேள்வியில்லாமல் சாவி போட்டவர், நாளை வேறொருவர் வந்து கேட்டாலும் அதே வண்டிக்குப் போட்டுக் கொடுப்பார்.

பூட்டு மிகவும் தேய்ந்துவிட்டால் இன்னொரு வினை. தகடுகள் தளர்ந்து, அதே மாதிரி வேறொரு வண்டியின் சாவிக்கும் பூட்டு வழிவிட்டுவிடும். வசூல் பையை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வண்டிப் பூட்டு அடுத்த கடைக்காரரின் சாவிக்குத் திறக்கிறதா என்று ஒரு நாள் விளையாட்டாகவே சோதித்துப் பார்க்கலாம்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டு இறுகினால் கடையில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ இரண்டு சொட்டு விடுவது நம் வழக்கம். கைக்கெட்டும் தூரத்தில் டின் இருக்கும்போது யாருக்குத்தான் கை போகாது! ஆனால் சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். மாவுத் தூசியும் சாலைத் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங்கை அசையவிடாது. கிராஃபைட் பொடிதான் ஏற்றது. அது கிடைக்காத ஊரில் பென்சில் முனையைச் சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். பென்சிலின் கரியும் கிராஃபைட்தான்.

சாவிகளின் எண்ணிக்கையும் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். வண்டி திருட்டுப் போய் இழப்பீடு கேட்டால், இன்சூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஒன்று குறைந்தால் கேள்வி எழும், காலதாமதமாகும். ஆகவே பழைய வண்டி வாங்கும்போதே இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலையை விட்டுப் போன பையனிடம் ஒரு சாவி நின்றுபோனால் பலர் பூட்டு செட்டையே மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை. பூட்டைப் பிரித்து, உள்ளேயிருக்கும் அதே தகடுகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டால் பழைய சாவிகள் அத்தனையும் செல்லாதவையாகும். புதிய வரிசைக்கு ஏற்பப் புதுச் சாவி வெட்டிக்கொள்ளலாம். கதவு, இக்னிஷன் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொத்தில் ஒரு சாவி கூடிவிடும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளின் சாவியில் மின்னணுச் சில்லு கிடையாது என்பதால் அரமும் தகடும் போதும். சில்லு வைத்த பிற்கால வண்டிகளுக்கு, பல் சரியாக வெட்டினாலும் சில்லையும் வண்டியோடு பதிவு செய்தால்தான் எஞ்சின் ஓடும். கூலி பேசும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.