பெண்ணுக்கு மட்டும் ஏன் இத்தனை பெயர்?

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள் ஒரு நாள் மாலை காப்பித் தம்ளரோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, 'பன் இன் தி அவன்' என்றால் என்ன?" என்றாள். "அடுப்பில் பன் வேகிறது" என்று சமாளித்தேன். சிரித்துவிட்டாள். ஒரு பெண் கருவுற்றிருப்பதைக் கேலியாகச் சொல்லும் தொடர் அது என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவளுக்குப் பாடமாக இருந்தது ஷீலா டெலானியின் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' நாடகம். 1958இல் அது மேடையேறியபோது ஆசிரியைக்கு வயது 19. மணமாகாமல் தாயாகப் போகும் ஓர் இளம்பெண்ணின் கதை.

அன்றிரவு நாங்கள் இருவரும் அகராதிகளைப் புரட்டினோம். 'அப் தி டஃப்', 'இன் தி புட்டிங் கிளப்' என்று வரிசையாக வந்தன. டஃப் என்றாலும் ஒருவகை மாவுப் பண்டம்தான். எல்லாம் சமையலறைக் கேலி! பள்ளிச் சீருடைக் கவுனை வைத்து 'ஜிம்ஸ்லிப் மம்' என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. 2000க்குப் பிறகு, குழந்தை வண்டி தள்ளும் முகம் என்ற பொருளில் 'ப்ராம்ஃபேஸ்' என்ற ஏளனம் பரவியது. "சரி, அந்தப் பையனுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள் மகள். தேடிப் பார்த்தோம். சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை.

நேயர்களே, சொல்லில் இருந்த ஓரவஞ்சனை சட்டத்திலும் இருந்தது. மணமாகாதவளின் குழந்தையை 'யாருக்கும் பிள்ளையல்ல' என்றது அந்நாட்டின் பழைய சட்டம். 1834இல் வந்த ஏழையர் சட்டம் அக்குழந்தையைக் காக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் தாயின் தலையிலேயே கட்டியது. எதிர்ப்புக் கிளம்பவே 10 ஆண்டுகளில் அதைத் தளர்த்தினார்கள். மணவுறவில் பிறந்த குழந்தை, பிறவாத குழந்தை என்ற வேற்றுமையைச் சட்டம் பெருமளவு நீக்கியது 1987இல்தான்.

இந்த ஏச்சுப் பேச்சுக்கு அஞ்சியே பெற்றோர் பெண்களைக் கண்காணாத ஊருக்கு அனுப்பினார்கள். "அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அவளோ தாய்-சேய் விடுதி ஒன்றில் இருப்பாள். பெற்ற சில வாரங்களில் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி மணமாகாத தாய்மாரிடமிருந்து பிரிந்த குழந்தைகள் சுமார் 1,85,000 என்று நாடாளுமன்றக் குழு ஒன்று 2022இல் மதிப்பிட்டது. ஸ்காட்லாந்து அரசும் வேல்ஸ் அரசும் 2023இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டன. இளவயதில் பறிகொடுத்த அந்தத் தாய்மார் அதற்குள் பாட்டிகளாகிவிட்டார்கள்; பலர் உயிரோடே இல்லை.

இவ்வளவு கண்டனமும் சின்ன வயதில் தாயாவதற்காகத்தானா என்று பார்த்தால், இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20 வயதுக்குட்பட்டோரின் பிரசவ விகிதம் உச்சத்தில் இருந்தது 1971இல். ஆயிரம் பெண்களுக்குச் சுமார் 50. அப்போது பெரிய கூக்குரல் இல்லை. காரணம், அவர்களில் பெரும்பாலோர் விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. 1990களில் அது சுமார் 30ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் அப்போதுதான் கூச்சல் பலத்தது. அரசு வீடு கிடைப்பதற்காகவே இளம்பெண்கள் கருத்தரிக்கிறார்கள் என்று அமைச்சர் பீட்டர் லில்லி 1992இல் தம் கட்சி மாநாட்டில் சாடினார். வயதல்ல, மோதிரமே விஷயம்!

1999இல் அணுகுமுறை மாறியது. அரசு பள்ளிகளில் பாலியல் கல்வியையும் இளைஞருக்கான ஆலோசனை நிலையங்களையும் வலுப்படுத்தியது. இளம் தாய்மார் படிப்பைத் தொடர உதவியது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட ஆயிரம் பெண்களில் கருவுற்றோர் 1998இல் சுமார் 47. 2014இல் சுமார் 23. படிப்பு, வேலை என்று பெண்களின் கனவுகள் விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். நூற்றாண்டுக்கணக்கான ஏச்சு சாதிக்காததை, பேசிப் புரியவைத்ததும் கைகொடுத்ததும் சாதித்தன.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "நம் பாட்டிக்கு 15 வயதில் வளைகாப்பு நடந்தது. 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்று ஊரே கொண்டாடியது. அதே வயதில் தாலி இல்லாமல் இன்னொருத்தி இருந்திருந்தால் 'கெட்டுப்போனவள்' என்றிருப்பார்கள். இங்கிலாந்துக்காரனை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு, "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற பயம் சற்று அதிகம்தான். அந்த நாலு பேரில் நாமும் ஒருவர் என்பதை மறந்துவிடுகிறோம். நம் பெண்ணோ பையனோ சிக்கலில் மாட்டிக்கொண்டால், முதலில் நம்மிடம் வந்து சொல்லத் தைரியம் வரவேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி நாம் சாப்பாட்டு வேளையில் பேசும் பேச்சைக் கேட்டுத்தான் அந்தத் தைரியம் வருவதும் போவதும்.